தொட்டியில் சாலட் உருளை: செட்டிநாட்டில் எந்த ரகம் எடுபடும்?

காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு மாடியில் உருளைக்கிழங்கு போடுகிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். பிறகு ஒரு கிண்ணம் அவித்துக் கொடுத்தால் கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள். ஆறு வருடமாகக் கேட்ட கேள்விகளையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சாலட் உருளை என்றால் சந்தையில் குவித்து வைத்திருக்கும் குட்டி உருளைதானே?

இல்லை. குட்டி என்பது அளவு, சாலட் உருளை என்பது குணம். அவித்து நறுக்கினால் விளிம்பு உடையாமல், மாவாக உதிராமல், மெழுகு மாதிரி வழவழப்பாக நிற்க வேண்டும். அதில் மாவுச்சத்து குறைவு, ஈரம் அதிகம். கிழங்கின் எடையில் தண்ணீர் போக மிஞ்சுவதை உலர்பொருள் என்பார்கள். சாலட் வகைகளில் அது நூற்றுக்குப் 16 முதல் 18 வரை இருக்கும். மசியலுக்கும் சிப்ஸுக்கும் ஆகிற மாவு வகைகளில் 20-ஐத் தாண்டும்.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு டம்ளர் பொடி உப்பை 11 டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மிதந்தால் மெழுகு வகை, மூழ்கினால் மாவு வகை. சந்தையில் வாங்கிய ஒரே கிலோவில் பாதி மிதந்து பாதி மூழ்கியதையும் பார்த்திருக்கிறேன். எத்தனை ஊர்க் கிழங்கு அந்தச் சாக்கில் கலந்திருந்ததோ!

லண்டனில் இருக்கும் எங்கள் அண்ணன் மகன் சார்லட், பிங்க் ஃபர் ஆப்பிள் என்றெல்லாம் சொல்கிறான். வரும்போது நாலு கிழங்கு பெட்டியில் போட்டுக்கொண்டு வரச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். அனுமதிச் சீட்டும் நோயற்றது என்ற சான்றும் இல்லாமல் விதைக்கிழங்கை நாட்டுக்குள் கொண்டுவருவதை 2003-ஆம் வருடத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை தடுக்கிறது. பர்மாவிலிருந்து தேக்கும் இத்தாலியிலிருந்து பளிங்கும் வந்து இறங்கிய ஊர்தான் நம் ஊர். ஆனால் கிழங்கோடு நோயும் கூட வரும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ரகங்களே நமக்குச் சரிப்படாது. சார்லட் பிரான்ஸில் உருவானது. பிங்க் ஃபர் ஆப்பிள் முண்டும் முடிச்சுமாக, பார்க்க இஞ்சி போல இருக்கும் பழைய ரகம். ருசியில் குறை சொல்ல முடியாது, ஆனால் விளைய நாள் நிறைய எடுக்கும். இரண்டும் குளிர் தேசத்துப் பிள்ளைகள். இணையத்தில் ஒரு கடையில் ‘சார்லட் விதைக்கிழங்கு’ என்று நானும் ஒருமுறை வாங்கினேன். விளைந்து வந்தது சந்தையில் கிடைக்கும் சாதாரண வெள்ளை உருளை. விலை மட்டும்தான் சார்லட்.

முதலில் இதைச் சொல்லுங்கள். இந்த வெயிலில் உருளை விளையுமா?

செடி விளையும். கிழங்குதான் கேள்வி. பலரும் பகல் வெயிலைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், உருளைக்கு முக்கியம் ராத்திரி. இரவுச் சூடு 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் கிழங்கு நன்றாகக் கட்டும். 20-ஐத் தாண்டினால் ‘இனிக் கீழே சேமித்து வை’ என்று இலையிலிருந்து இறங்கும் சைகை அடங்கிவிடுகிறது. பகலில் செய்த சர்க்கரையைச் செடி ராத்திரி மூச்சு விட்டே செலவழித்துவிடும். மேலே இலை தழைத்து ஜம்மென்று நிற்கும், கீழே தோண்டினால் கோலிக்குண்டு.

முதல் வருடம் நான் ஆடியில் நட்டேன். இடுப்பு உயரச் செடி. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. பிடுங்கியபோது கிடைத்தது ஒரு கைப்பிடி, அதுவும் சுண்டைக்காய் அளவு.

நமக்கு மார்கழி, தை விடியற்காலைகள்தான் 20 டிகிரியை ஒட்டி வருகின்றன. விளிம்பில்தான் இருக்கிறோம். அதனால் இங்கே ரகத்தை ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது, ராத்திரியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெப்பம் தாங்குமா என்பது முதல் கேள்வி, எத்தனை நாளில் முடியும் என்பது இரண்டாவது. மெழுகா மாவா என்பது மூன்றாவதுதான். நம் பக்கம் ஒரு சாதகமும் உண்டு. மார்கழியில் பகல் குறுகியிருக்கும், குறுகிய பகல் கிழங்கு கட்டுவதைத் தூண்டும்.

சரி, ரகத்தின் பெயரைச் சொல்லுங்கள்.

நம் நாட்டு ரகங்கள் பெரும்பாலும் ‘குஃப்ரி’ என்று தொடங்கும். குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மலையூர். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் அங்கே ரகங்களைக் கலப்புச் செய்து உருவாக்கியதால் அந்த முன்பெயர்.

நான் முதலில் கை காட்டுவது குஃப்ரி சூர்யா. 2006-ல் வெளிவந்தது. வெப்பம் தாங்குவதற்காகவே தேர்ந்தெடுத்த ரகம், ராத்திரி 20 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலும் கிழங்கு கட்டும். நீள்வட்ட வடிவம், ஆழமில்லாத கண், வெளிர் மஞ்சள் சதை. பார்க்கச் சாலட் உருளை மாதிரியே இருக்கும். ஆனால் முற்றினால் மாவுப் பக்கம் சாயும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, அறுவடைக் கேள்வியில் சொல்கிறேன்.

குணத்தில் சாலட்டுக்கு அசல் பொருத்தம் குஃப்ரி புக்ராஜ். 1998-ல் வந்தது. புக்ராஜ் என்றால் புஷ்பராகம். கல் பார்த்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அந்த மஞ்சளை விளக்க வேண்டியதில்லை. 70 முதல் 90 நாளில் முடிந்துவிடும். நீர்ச்சத்து மிகுந்த கிழங்கு என்பதால் சிப்ஸ் போடுகிறவர்கள் ஒதுக்குவார்கள். அவர்கள் ஒதுக்குவதுதான் நமக்கு வேண்டியது. சூர்யா அளவுக்குச் சூடு தாங்காது என்பதுதான் அதன் குறை. குளிர் நல்லபடியாக இறங்கிய வருடத்தில் புக்ராஜ் என்னை ஏமாற்றியதில்லை. குளிரே வராத வருடத்தில் கைவிட்டுவிட்டது. நான் பாதிப் பையில் சூர்யா, பாதிப் பையில் புக்ராஜ் என்று நட்டுவிடுகிறேன்.

குஃப்ரி லவ்கர் 1972-ல் தக்காணப் பீடபூமிக்காக வந்தது. மராத்தியில் லவ்கர் என்றால் சீக்கிரம். பெயருக்கேற்றபடி விரைவில் முடியும், வெப்பமும் ஓரளவு தாங்கும். உருண்டையான வெள்ளைக் கிழங்கு. சூர்யா அகப்படாதபோது இதை நடலாம்.

சிப்ஸோனா என்று முடியும் ரகங்கள் வேண்டாம். அவற்றை உலர்பொருள் கூடுதலாக இருக்க வேண்டும் என்றே உருவாக்கியிருக்கிறார்கள், சாலட்டுக்கு நேர் எதிர். சிவப்புத் தோல் சிந்தூரி அழகுதான். ஆனால் 110 நாளுக்கு மேல் பிடிக்கும், அதற்குள் பங்குனி வெயில் வந்து நிற்கும். ஊதாத் தோல் நீல்கண்ட் என்று ஒன்று இருக்கிறது. கிண்ணத்தில் நிறத்துக்காக இரண்டு பை போட்டுப் பாருங்கள், அதை நம்பி இருக்காதீர்கள்.

கடையில் ரகப் பெயர் கேட்டால் முறைக்கிறார்களே?

முறைப்பார்கள்தான். ஊட்டி, கோலார், ஆக்ரா, இந்தூர் என்று அவர்கள் சொல்வதெல்லாம் ஊர்ப் பெயர், ரகம் இல்லை. பெயர் தெரிந்த விதைக்கிழங்கு வேண்டுமென்றால் விதை விற்பவர்களிடம் முன்கூட்டியே, ஐப்பசியிலேயே, சொல்லி வைக்க வேண்டும்.

அது நடக்காவிட்டால் சந்தைக் கிழங்கிலிருந்தே பொறுக்கலாம். மெல்லிய மஞ்சள் தோல், கீறினால் மஞ்சள் சதை, உப்புத் தண்ணீரில் மிதக்கிறது என்றால் எடுத்து வையுங்கள். சோதித்த கிழங்கை நடாதீர்கள், அதன் கூடப்பிறந்ததை நடுங்கள். கோழிமுட்டை அளவு, 30 முதல் 50 கிராம் போதும். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில், வெயில் படாமல், இரண்டு வாரம் முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க அடுக்கி வைத்தால் தடிமனாகக் குட்டை முளை விடும். இருட்டில் வைத்தால் முளை நூலாக நீண்டு உடைந்துவிடும். வெட்டி நட வேண்டாம். மலையில் வெட்டி நடலாம், நம் சூட்டு மண்ணில் வெட்டின வாய் அழுகும்.

ஊட்டிக் கிழங்கு மண்ணோடு வருகிறதே, அது சுத்தமானதுதானே? அதையே நடலாமா?

சாப்பிட அருமை, நட வேண்டாம். உருளையின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவை நீலகிரியில் 1961-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். கண்ணுக்குக் கடுகைவிடச் சின்னதாகத் தெரியும் அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒட்டியிருக்கும் மண்ணோடு அதுவும் பயணம் செய்யும். அதனால்தான் அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு வந்தது. 2018-ல் இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கிழங்குக்கும் இதே காரணத்துக்காகத் தடை வந்தது. கிழங்கு கழுவின மண்ணைத் தோட்டத்தில் கொட்டுகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஊட்டிக் கிழங்கு கழுவின தண்ணீரை மட்டுமாவது சாக்கடையில் விடுங்கள்.

எப்போது நடுவது?

திருக்கார்த்திகை விளக்கு ஏற்றின மறுநாளிலிருந்து, 21 நாள் கழித்துப் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பதற்குள் நட்டு முடிக்க வேண்டும். அடைமழையின் வேகம் அநேகமாக அடங்கியிருக்கும், குளிர் இறங்கத் தொடங்கியிருக்கும். அதற்கு முன்னால் நட்டால் கிழங்கு ஊறி அழுகும். தைப்பொங்கல் கழித்து நட்டால் கிழங்கு கட்டும் நேரத்தில் மாசி வெயில் பிடித்துக்கொள்ளும். கடைசி நேரத்தில் புயல் மழை வந்தால் பைகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடுவேன். தொட்டியில் வளர்ப்பதன் பெரிய லாபமே இந்த இழுத்துவிடுவதுதான்.

எந்த மாதிரித் தொட்டி நல்லது?

என் ஓட்டு கோணிச் சாக்குக்கு. நனைந்த சணல் காற்றில் காயும்போது உள்ளே மண் குளிரும், மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல. ஒரு பருவத்தோடு இற்றுப்போகும், போகட்டும். மண் தொட்டியும் நல்லது, ஆனால் 12 அங்குலத்துக்குக் குறைந்த அகலம் வேண்டாம். குரோபேக் என்றால் வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ளது, 15 அங்குல அளவு. பழைய 20 லிட்டர் பெயின்ட் வாளியில் அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, சுற்றிச் சாக்குக் கட்டினாலும் ஆகும். கறுப்புப் பிளாஸ்டிக் மட்டும் வேண்டவே வேண்டாம், மதியம் தொட்டுப் பாருங்கள், கை சுடும்.

10 லிட்டர் மண்ணுக்கு ஒரு கிழங்கு. இடம் இருக்கிறதே என்று மூன்று போட்டால் மூன்றும் கோலிக்குண்டுதான் கொடுக்கும்.

எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். காலை வெயில் ஐந்தாறு மணி நேரம், உச்சிக்குப் பிறகு நிழல், அப்படி ஒரு இடம் வேண்டும். வளவு வீட்டு முற்றத்தில் குளிர்ச்சி உண்டு, ஆனால் நாலு பக்கமும் உயர்ந்த தாழ்வாரம் வெயிலை மறைத்துவிடும், செடி ஒல்லியாகப் போகும். மாடியில் மேற்குச் சுவரை ஒட்டி வைப்பதும் தப்பு, அந்தச் சுவர் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்க விடும். நாம் காசு கொடுக்காமல் பெறுவது அந்த ராத்திரிக் குளிர் ஒன்றைத்தான், அதையும் சுவரிடம் இழக்கக் கூடாது. தளத்தில் நேராக வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மண் கலவை?

நம் செம்மண் மட்டும் போட்டால் காய்ந்ததும் கல்லாக இறுகும், கிழங்கு கோணல்மாணலாக வரும். செம்மண், தென்னை நார்க்கழிவு, நன்றாக மக்கின எரு மூன்றும் சமபங்கு, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. பச்சைச் சாணம் கூடாது. அடுப்புச் சாம்பலும் கூடாது. கிழங்குக்குச் சாம்பல் நல்லது என்று எங்கள் அப்பத்தா முதல் எதிர்வீட்டு ஆச்சி வரை எல்லாரும் சொன்னார்கள், நானும் போட்டேன். சாம்பல் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிட, தோலெல்லாம் சொறி பிடித்து வந்தது. சாலட்டுக்குத் தோலோடு போடுகிற கிழங்கில் சொறி இருந்தால் எப்படி?

டிரம்மில் மண்ணை ஏற்றிக்கொண்டே போனால் அடுக்கடுக்காகக் கிழங்கு வரும் என்று வீடியோவில் காட்டுகிறார்களே?

சீக்கிரம் விளைந்து முடியும் நம் ரகங்களில் வராது. இவை அடியில் ஒரே மட்டத்தில் கிழங்கு கட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும். மண் அணைப்பது மாடி கட்டுவதற்கு அல்ல, கிழங்கு வெளிச்சம் பார்த்துப் பச்சையாகாமல் இருப்பதற்கு. பையில் பாதி மண்ணோடு நட்டு, செடி ஒரு சாண் வளர்ந்ததும் ஒருமுறை, அப்புறம் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை அணைத்தால் போதும்.

தண்ணீர் எவ்வளவு?

விரலை இரண்டு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலையில் ஊற்றுவது நல்லது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் கிழங்கு வெடிக்கும், நடுவில் பொக்கையும் விழும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும். கூரைத் தண்ணீரை முற்றத்து அண்டாவில் பிடித்து வைக்கும் வீடுகளில் அதையே ஊற்றலாம், அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

நேற்றுவரை நன்றாக இருந்த செடி இன்று தொங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் எழவில்லை.

தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் தொடும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் போல வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியையும் மண்ணையும் அப்புறப்படுத்திவிட்டுத் தொட்டியை வெயிலில் காய வையுங்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் இருந்த மண்ணில் உருளை நட்டால் இது வரும். நான்கும் ஒரே குடும்பம், நோயும் பொது.

இலைக்கு அடியில் வெள்ளை ஈ, அசுவினி இருந்தால் வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். மயிலுக்குத்தான் மருந்து இல்லை. மாடிவரை பறந்து வந்து பையைச் சீய்த்துவிட்டுப் போகிறது. வலை கட்டியிருக்கிறேன்.

எத்தனை நாளில் எடுக்கலாம்?

முன்னே சொன்ன வழி இதுதான். எந்த ரகமானாலும் முற்றாத கிழங்கில் ஈரம் அதிகம், மாவு குறைவு. சூர்யாவையும் 65, 70 நாளில், இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் சாலட் உருளையாகத்தான் இருக்கும். இன்னும் பதினைந்து இருபது நாள் விட்டால் மசியல் உருளை. தோலை விரலால் தேய்த்தால் உரிய வேண்டும், அதுதான் பதம். இப்படி எடுத்தது தங்காது. ஒரு வாரத்துக்குள் சமைத்துவிட வேண்டும். அதனால் எல்லாப் பையையும் ஒரே நாளில் கவிழ்க்காமல், வேண்டும்போது ஒவ்வொன்றாகக் கவிழ்க்கிறேன்.

பச்சையடித்த கிழங்கைத் தூக்கிப் போடுங்கள், அதில் சொலனின் என்ற நஞ்சு சேர்ந்திருக்கும். இலையும் தண்டும் ஆட்டுக்கும் ஆகாது.

ஒரு பையில் எவ்வளவு கிடைக்கும்?

எனக்கு 300 முதல் 500 கிராம். அரைக் கிலோ வந்தால் அன்று வீட்டில் எல்லாருக்கும் போன் போகும்.

இவ்வளவு பாடுபட்டு அரைக் கிலோவா? இந்த ஊருக்கே ஏற்ற கிழங்கு ஒன்றும் இல்லையா?

இருக்கிறது, சிறுகிழங்கு. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பொங்கலுக்குத் தவறாமல் சந்தைக்கு வரும். உருளைக்கு உறவே இல்லை. துளசி, கற்பூரவல்லி குடும்பம். ஆனால் வெந்தால் உடையாமல் நிற்பதிலும் வழவழப்பிலும் சாலட் உருளைக்கு அதுதான் நம் ஊர்ப் பதில். ராத்திரிச் சூட்டைப் பற்றிக் கவலையே இல்லை.

திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஸ்ரீதாரா நல்ல ரகம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சுபலா பகல் நீளத்தைப் பார்க்காது, எந்த மாதமும் நடலாம். ரகம் கிடைக்காவிட்டால் பொங்கல் கிழங்கில் கொஞ்சம் எடுத்து வைத்து, வைகாசியில் முளைக்கப் போட்டு, படர்ந்த கொடியை ஒரு சாண் துண்டாகக் கிள்ளி ஆடி, ஆவணியில் பையில் நடுங்கள். நான்கைந்து மாதத்தில் எடுக்கலாம். தோல் சீவுவதுதான் வேலை. சாக்கில் போட்டு இரண்டு பேர் பிடித்துத் தேய்த்தால் பாதித் தோல் போய்விடும், மீதியை ராத்திரி டிவி பார்த்துக்கொண்டே சுரண்டலாம்.

நான் இரண்டும் போடுகிறேன். சிறுகிழங்குப் பைகள் மார்கழி கடைசியில் காலியாகும்போது உருளைப் பைகளில் செடி தழைத்திருக்கும்.

சந்தை உருளைதான் கிடைத்தது, மாவாக உடைகிறது. அதையே சாலட்டுக்கு ஒப்பேற்ற முடியுமா?

முடியும். புளி விட்ட பிறகு காய் வேகாது என்று நம் வீட்டில் சொல்வார்கள் இல்லையா, அதே சங்கதி. புளிப்பு, காயின் சுவரைக் கரைய விடாது. கிழங்கை நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டு, உப்பும் கொட்டைப்பாக்கு அளவு புளியும் கரைத்து விட்டு மெல்லிய தீயில் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம். நேரம் கூட எடுக்கும், ஆனால் விளிம்பு உடையாது. வடித்து, சூடாக இருக்கும்போதே நல்லெண்ணெயும் தட்டிய மிளகும் போட்டுப் புரட்டி, ஆறின பிறகு சின்ன வெங்காயமும் கெட்டித் தயிரும் சேர்க்கலாம். எங்கள் வீட்டில் இதை யாரும் சாலட் என்று சொல்வதில்லை, உருளைப் பச்சடி என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.